தூர இலக்குச் சுடுதலுக்கு மருந்து அளப்பது: ஊரில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். இப்போது இருப்பது கனடா, ஒன்டாரியோவில். அங்கே உரிமம் எடுத்து, ஒரு கழகத்தில் சேர்ந்து தூர இலக்குச் சுடுதல் பழகுகிறேன். போட்டிக்கான ரவைகளை நானே நிரப்புகிறேன். ஊருக்கு வந்தால் இதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. பெடியள் ஆர்வத்தில் கேட்பார்கள், பெரியவர்கள் பயத்தில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் சில சொற்கள். கோது என்பது பித்தளைக் குப்பி. சன்னம் என்பது அதன் நுனியில் இருந்து பறக்கும் துண்டு. பிறைமர் என்பது கோதின் அடியில் இருக்கும், அடித்தால் பொறி தட்டும் சின்ன மூடி. மருந்து என்று நான் எழுதும் இடமெல்லாம் புகையற்ற வெடிமருந்தைத்தான் சொல்கிறேன். இவை நான்கும் சேர்ந்தால் ஒரு ரவை.

அண்ணை, கடையில் ரவை விற்கிறார்கள்தானே? ஏன் நீங்களே நிரப்புகிறீர்கள்?

காசு மிச்சம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு மிஞ்சியதாக ஞாபகம் இல்லை. மிஞ்சுகிற காசுக்கு இன்னும் சுடுவோம், அவ்வளவுதான். உண்மையான காரணம் ஒரே மாதிரித்தன்மை. தொழிற்சாலை ரவை எந்தத் துவக்கிலும் வேலை செய்யவேண்டும் என்று செய்யப்படுவது. என் றைபிளின் குழாய்க்கு எந்தச் சன்னம், எந்த மருந்து, எவ்வளவு மருந்து ஒத்துவருகிறது என்று பார்த்து, அதையே மாறாமல் திரும்பத் திரும்பச் செய்ய நானே நிரப்பினால்தான் முடியும்.

நான் சுடும் போட்டிக்கு எஃப்-கிளாஸ் என்று பெயர். படுத்திருந்து, முன்னால் தாங்கி வைத்து, தொலைநோக்கி வழியாகச் சுடுவது. இதைத் தொடங்கிவைத்தவர் ஜோர்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனடாக்காரர். அவருடைய பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த எஃப். இலக்குத் தூரம் பெரும்பாலும் 300 யார்ட் முதல் 1000 யார்ட் வரை. ஒட்டாவாவில் உள்ள கொனோட் சுடுதளம்தான் கனடாவில் இதற்குப் பெயர்போன இடம்.

மருந்தை என்ன கணக்கில் அளக்கிறீர்கள்? கிராமா?

கிறெயின். 1 கிராம் என்பது 15.43 கிறெயின். ஒரு இறாத்தல் 7000 கிறெயின். ஒரு கிறெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஊர்க் கணக்கில் சொன்னால், பத்தர்மார் முன்பு தங்கம் நிறுத்த குன்றிமணி கிட்டத்தட்ட 2 கிறெயின் வரும். நாங்கள் கவலைப்படுவது அந்தக் கிறெயினின் பத்தில் ஒரு பங்கைப் பற்றி, அதாவது ஆறரை மில்லிகிராம்.

டிஜிட்டல் தராசுகளில் கிராம், கரட், கிறெயின் மூன்றுக்கும் ஒரே பொத்தான்தான் இருக்கும். கைபட்டு மாறினாலும் திரையில் எண் வரும், பிழை என்று எதுவும் கத்தாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது திரையின் ஓரத்தில் இருக்கும் அந்த அலகுக் குறியைத்தான்.

ஒரு பொட்டு கூடிக் குறைந்தால் அப்படி என்ன நடந்துவிடும்?

தூரத்தைப் பொறுத்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

.308 வின்செஸ்டர் என்பது எங்கள் போட்டிகளில் அதிகம் பாவிக்கும் ரவை அளவுகளில் ஒன்று. அதில் மருந்து 0.1 கிறெயின் கூடினால் சன்னத்தின் வேகம் வினாடிக்கு 5, 6 அடி அளவில் கூடும். சன்னம் போகும் வேகமே வினாடிக்கு 2600 அடிக்குக் கிட்ட, அதில் இது எந்த மூலைக்கு என்று தோன்றும். 100 யார்ட் தூரத்தில் அது சரிதான். அந்த வித்தியாசத்தால் சன்னம் படும் இடம் அரை மில்லிமீற்றர்கூட மாறாது, அட்டையில் கண்டுபிடிக்கவே ஏலாது.

1000 யார்டுக்குப் போங்கள். சன்னம் அங்கே போய்ச் சேர ஒன்றரை வினாடிக்கு மேல் எடுக்கும். அத்தனை நேரமும் அது விழுந்துகொண்டே போகிறது. வேகம் குறைந்த சன்னம் கூடுதல் நேரம் விழும். அதே 0.1 கிறெயின் இப்போது மேல்கீழாக 2 அங்குலம் அளவுக்கு வந்துவிடும். 0.3 பிசகினால் 6 அங்குலம். எஃப்-கிளாஸ் அட்டையில் 1000 யார்டுக்குப் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குல விட்டம், அதற்குள் இருக்கும் நடு வட்டம் 5 அங்குலம். காற்றும் உங்கள் கையும் எடுக்கும் பங்கு இன்னும் இதில் சேரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காற்று சன்னத்தை இடம் வலமாகத் தள்ளும், மருந்துப் பிசகு மேல்கீழாகத்தான் காட்டும். அட்டையில் ஓட்டைகள் கிடையாகப் பரவியிருந்தால் காற்றை வாசிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். நெடுக்காகப் பரவியிருந்தால், வீட்டுக்கு வந்து மேசையைப் பார்க்கவேண்டும்.

கரண்டியாலோ அளவையாலோ அள்ளிப் போட்டால் காணாதா? ஏன் நிறுக்கவேண்டும்?

அப்படிச் செய்வதற்கென்றே ஒரு கருவி உண்டு. மேலே மருந்துக் குடுவை, நடுவில் குழி வைத்த உருளை, பக்கத்தில் கைபிடி. கைபிடியை மேலே தூக்கினால் குழி நிறையும், கீழே இறக்கினால் கோதுக்குள் கொட்டும். நிறை எதுவும் பார்க்காது, கனஅளவு மட்டும்தான்.

கொத்தால் நெல் அளந்த கை உள்ளவர்களுக்கு இதன் குறை உடனே விளங்கும். ஒரே கொத்துத்தான், ஆனால் மெதுவாக ஊற்றினால் ஒரு அளவு, தட்டித் தட்டி ஊற்றினால் இன்னொரு அளவு. நெல்லில் ஈரம் இருந்தால் வேறு அளவு. மருந்தும் அப்படியே.

மருந்தின் உருவத்தையும் பார்க்கவேண்டும். உருண்டை மருந்து மணல் மாதிரி ஓடும், பழகிய கை என்றால் 0.1 கிறெயினுக்குள் நிற்கும். குச்சி மருந்து அப்படி இல்லை. சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து பாலம் போட்டு நிற்கும், சில நேரம் உருளையின் விளிம்பில் அகப்பட்டு நறுக்கென்று வெட்டுப்படும். அதில் 0.2, 0.3 போவது சாதாரணம். தூரப் போட்டிக்காரர் விரும்பும் மருந்துகள் பெரும்பாலும் இந்தக் குச்சி வகைதான்.

இதையும் சொல்லவேண்டும்: 100, 200 யார்டில் மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர் பலர் காலங்காலமாக நிறுக்காமல் உருளையால்தான் கொட்டுகிறார்கள். உலகத்திலேயே சின்னக் குழுமங்கள், அதாவது அட்டையில் ஓட்டைகள் நெருங்கி விழும் கூட்டங்கள், அவர்களுடையவை. கிட்டத் தூரத்துக்கு அது போதும். ஆகவே நிறுக்காதவன் எல்லாம் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

டவுனில் நகைக்கடைத் தராசு இருக்கிறதே, அது துல்லியமானதுதானே?

எந்தத் தராசு என்று பார்க்கவேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசுதான் பல இடங்களில் இருக்கும். 0.01 கிராம் என்றால் 0.15 கிறெயின். அதாவது அந்தத் தராசின் ஒரு படியே நாங்கள் தேடும் அளவைவிடப் பெரிது. தங்கத்துக்கு அது சரி, இதற்குக் காணாது. கண்ணாடிக் கூண்டு வைத்து 0.001 கிராம் வரை காட்டும் தராசு என்றால் கதை வேறு. ஒரு படி 0.015 கிறெயின், தேவைக்கு மேலேயே காணும்.

எத்தனை தசமதானம் காட்டுகிறது என்பதும் அது சரியாகக் காட்டுகிறதா என்பதும் வேறுவேறு விஷயங்கள். மலிவான தராசில் மூன்று தசமதானம் எழுதியிருக்கும், கடைசி இலக்கம் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்போ எந்தத் தராசு நல்லது?

மூன்று விதம்.

பழைய கோல் தராசு. கத்திமுனையில் தாங்கி நிற்கும் ஒரு கோல், ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் நகர்த்தும் எடை. கோலின் நுனியில் ஒரு செப்புத் தகடு காந்தங்களுக்கு நடுவே ஆடும். ஆடும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆட்டத்தைக் கெதியாக அடக்கிவிடும். பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் நல்லாய் ரசிப்பார்கள். மின்சாரம் தேவையில்லை, சூடாகவேண்டியதில்லை. முனை சுத்தமாக இருந்தால் ஒன்றிரண்டு மருந்து மணியின் வித்தியாசத்தைக்கூடக் காட்டும். ஆனால் கண்ணை அளவுகோட்டுக்கு நேரே வைத்துப் பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒன்று, கீழிருந்து பார்த்தால் ஒன்று. நான் கைபேசிக் கமராவை நேரே நிறுத்தி அதில் பார்ப்பேன்.

அடுத்தது சாதாரண எலெக்ட்ரோனிக் தராசு. உள்ளே ஒரு உலோகத் துண்டு வளையும், அதன் வளைவை மின்தடை மாற்றமாக அளப்பார்கள். வேகமானது, மலிவானது. இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு, புதிதாகத் தொடங்குபவர் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். தராசு தன்னுடைய சின்ன நகர்வுகளைத் தானே மறைத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் திரையில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒவ்வொரு மணியாக மெதுவாகப் போடும்போது தராசு அதையும் தன் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும். திரையில் எண் மாறாது, தட்டில் மருந்து கூடிக்கொண்டே போகும். மாற்று வழி இதுதான்: கொஞ்சம் போட்டபின் தட்டைத் தூக்கி மறுபடி வையுங்கள், சரியான எண் வரும்.

மூன்றாவது ஆய்வுகூடத் தராசு. காந்த விசையால் தட்டைத் தாங்கிப் பிடித்து, அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதில் நிறையைக் கணக்கிடுவது. ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ என்பதைத்தான் சுடுகாரர் பலர் வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிகிராம் வரை காட்டும். ஒரு குச்சி மணி 0.02 கிறெயின் அளவு, அதாவது ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒற்றை மணி விழுந்தாலும் திரையில் தெரியும். விலையைக் கேட்டால் வீட்டில் சண்டை வரும்.

ஃபான் போட்டுக்கொண்டு நிறுக்கலாமா?

கூடாது. யன்னலும் பூட்டியிருக்கவேண்டும். எலெக்ட்ரோனிக் தராசு என்றால் போட்டு அரை மணித்தியாலம் சூடாக விட்டு, பிறகு படிக்கல் வைத்துச் சரிபார்க்கவேண்டும். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் கைபேசியை வைக்கக்கூடாது. ஆடாத மேசை வேண்டும்.

கனடாக் குளிர்காலத்தில் இன்னொரு கரைச்சல், நிலைமின்சாரம். வீட்டுக்குள் காற்று வறண்டு போய் பிளாஸ்டிக் புனலில் மணிகள் ஒட்டிக்கொண்டு வராது. நிறுத்தது ஒன்று, கோதுக்குள் விழுந்தது ஒன்று. உலோகப் புனலும் உலோகத் தட்டும் வாங்கினால் பெரும்பாலும் தீரும். வன்னியில் இந்தப் பிரச்சினை எட்டியும் பார்க்காது.

ஒற்றை மருந்து மணி வரைக்கும் அளப்பது கொஞ்சம் விசர்த்தனமாக இல்லையா?

இருக்கிறதுதான். கோதின் உட்கொள்ளளவு கோதுக்குக் கோது கொஞ்சம் மாறும். பிறைமர் அடிக்கும் வேகம் மாறும். கோதின் கழுத்து சன்னத்தைப் பிடிக்கும் இறுக்கம் மாறும். இவை எல்லாம் சேர்ந்து வேகத்தில் கொண்டுவரும் வித்தியாசம், ஒரு மணி மருந்து கொண்டுவரும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. வேகமானி வைத்துச் சுட்டுப் பார்த்தால் தெரியும். மருந்தை ஒவ்வொரு மணியாக நிறுத்தவருடைய வேகமும் சீராக இல்லையென்றால் கோளாறு தராசில் இல்லை.

என் அபிப்பிராயம்: 0.1 கிறெயினுக்குள் ஒவ்வொரு முறையும் நின்றால் 600 யார்ட் வரைக்கும் அதற்கு மேல் தேவையில்லை. 1000 யார்டுக்கு ஒன்றிரண்டு மணி அளவுக்குள் வைத்திருக்கலாம், வைத்திருந்தால் மனதில் ஒரு கேள்வி குறையும். அதைவிட முக்கியம் இன்றைக்கும் போன மாதத்துக்கும் தராசு ஒரே விடையைத் தருவது. எல்லா ரவையிலும் ஒரே அளவாக 0.1 கூட இருந்தால் உங்கள் குறிப்பு அதற்கேற்ப அமைந்துவிடும், குழுமம் கெடாது. ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இருந்தால்தான் கெடும்.

மாரி, வெயில், ஈரம் எல்லாம் மருந்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். மருந்து காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல எடுக்கும், மெல்ல விடும். காய்ந்த மருந்து வேகமாக எரியும். அதோடு நிறையும் குறைந்துவிடும். அப்போது பழைய எண்ணுக்கே நிறுத்தால் ஈரத்துக்குப் பதிலாக எரியும் பொருள் கூடுதலாக உள்ளே போகிறது. தராசு சரி, எண் சரி, அழுத்தம் மட்டும் கூடிவிடும். அதனால்தான் மருந்தை அது வந்த டப்பாவிலேயே, மூடியை இறுக்கி வைக்கவேண்டும். வேலை முடிந்ததும் குடுவையில் மிஞ்சியதை உடனே அந்த டப்பாவுக்குள் கொட்டவேண்டும். இரவு முழுக்க விட்டால் ஈரம் மட்டுமல்ல, சில மருந்துகள் பிளாஸ்டிக் குடுவையையே அரித்துவிடும்.

வெப்பமும் அப்படி. பங்குனி சித்திரை வெயிலில் மாங்குளம் வீதியில் நிற்கும் வாகனத்துக்குள் இருந்த ரவையும் ஒட்டாவாவில் காலைக் குளிரில் எடுத்த ரவையும் ஒரே வேகத்தில் போகாது. வெப்பத்துக்கு அதிகம் மாறாத மருந்துகள் இருக்கின்றன. ஹொட்ஜ்டன் நிறுவனம் விற்கும் வார்கெட் அப்படியான ஒன்று, அவுஸ்திரேலியாவில் செய்வது.

இந்த மருந்தை இடியனுக்குப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். இடியன், அதாவது குழாயின் வாய் வழியாக மருந்தை இடித்து நிரப்பும் துவக்கு, கரிமருந்துக்கென்று செய்தது. கரிமருந்தைக் கனஅளவால் ஊற்றுவது வழக்கம், அதில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் அழுத்தம் ஒரு எல்லையில் நிற்கும். புகையற்ற மருந்து நைத்திரோசெலுலோசால் ஆனது. அதன் குணமே அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரிவது. கரிமருந்து அளக்கும் அதே மூடியால் இதையும் அளந்து ஊற்றினால் குழாய் வெடித்துக் கையும் முகமும் போகும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒரே மருந்து என்று நினைக்கவேண்டாம். புகையற்ற மருந்தும் பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் நிறம்தான்.

காணி துப்புரவாக்கும்போது பழைய ரவைகள் வருகிறதே, அவற்றைக் கழற்றி மருந்து எடுத்தால்?

தொடாதீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஹலோ டிரஸ்ட், மக், டாஷ் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு அடியாகக் காணி துப்புரவாக்கியும், இன்னும் பொருட்கள் வெளிப்படுகின்றன. அதில் எது ரவை, எது வேறு என்று மண்ணோடு இருக்கும்போது சொல்லமுடியாது. அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து பொலிஸுக்கு, 119க்கு, அறிவியுங்கள்.

மருந்து என்ற கண்ணால் பார்த்தாலும் அது உதவாது. என்ன வகை, எவ்வளவு வேகத்தில் எரிவது என்று தெரியாத மருந்தை அளக்க எந்தத் தராசாலும் முடியாது, ஏனென்றால் எத்தனை கிறெயின் போடவேண்டும் என்ற எண்ணே அதற்கு இல்லை. ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்த மருந்து உள்ளுக்குள்ளேயே சிதைந்து புளித்த அமில மணம் வரும், சிவந்த புகை கிளம்பும், தானே சூடேறவும் கூடும்.

அப்போ வன்னியில் இதைச் செய்யவே ஏலாதா, சித்தப்பா?

ஏலாது, சட்டப்படி. துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் உண்டு, அவர்களும் தோட்டாவை முறைப்படி வாங்கத்தான் வேண்டும். எங்கள் பகுதியில் இந்தச் சாமான் வீட்டில் இருப்பதாக ஒரு கதை கிளம்பினாலே என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுடுதல் விளையாட்டில் உண்மையிலேயே ஆசை இருந்தால் 10 மீற்றர் எயார் றைபிள் ஒலிம்பிக் விளையாட்டு. 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு, மருந்தே கிடையாது. அதற்கும் விதிகள் உண்டு, ஒரு கழகம் வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் குண்டுகளையும் நிறுத்துப் பிரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அரைக் கிராம் குண்டு, தராசு வேலை அதே வேலைதான்.

நீங்கள் போடும் அளவு எத்தனை கிறெயின்?

சொல்லமாட்டேன், கோபிக்கவேண்டாம். என் குழாய்க்கும் என் கோதுக்கும் சரியான அளவு இன்னொருவர் துவக்கில் ஆபத்தான அளவாக இருக்கலாம். மருந்து நிறுவனங்களும் சன்னம் செய்யும் நிறுவனங்களும் சோதித்து வெளியிடும் கைநூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சன்னத்துக்கும் மருந்துக்கும் தொடங்கும் அளவும் மேல் எல்லையும் அதில் இருக்கும். தொடங்கும் அளவில் இருந்து சின்னச் சின்னப் படியாக ஏறவேண்டும், எல்லைக்கு முன்னரே அழுத்தத்தின் அறிகுறி தெரிந்தால் நிறுத்தவேண்டும். முகநூலில் ஒருவர் போட்ட எண்ணை வைத்து நிரப்புகிறவர் பக்கத்துப் பாயில் படுத்தால் நான் எழும்பி வேறு இடம் பார்ப்பேன்.

மறதியில் இரண்டு தரம் ஊற்றிவிட்டால்?

றைபிள் கோது பெரும்பாலும் ஒரு அளவிலேயே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துவிடும், இரண்டாம் தரம் ஊற்றினால் வெளியே வழியும். கைத்துப்பாக்கிக் கோதில்தான் ஆபத்து. கொஞ்ச மருந்துதான் போடுவது, இரண்டு மடங்கும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஊற்றாமலே விட்டாலும் பிரச்சினைதான். பிறைமரின் அடி மட்டும் சன்னத்தைக் குழாயின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும், அடுத்த ரவை அதன் பின்னால் போய் முட்டும்.

வழி எளிது. கோதுகளைத் துளைப்பலகையில் வரிசையாக அடுக்கி, சன்னம் வைக்குமுன் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பாருங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். யாராவது கதைக்க வந்தால் கையில் இருப்பதைத் தட்டில் திருப்பிக் கொட்டிவிட்டுக் கதையுங்கள்.

மருமகன் ரொறன்ரோவில் உரிமம் எடுத்துவிட்டான், தொடங்கப் போகிறான். முதலில் எதை வாங்கச் சொல்வது?

கைநூல், ஒன்றல்ல இரண்டு, வேறு வேறு நிறுவனத்தினுடையவை. பிறகு ஒரு நல்ல கோல் தராசு, பாவித்ததென்றாலும் பரவாயில்லை, முனை மழுங்காமல் இருந்தால் சரி. அதோடு ஒரு பெட்டி படிக்கல். தான் போடப்போகும் அளவுக்குக் கிட்டவாக ஒரு கல் அதில் இருக்கவேண்டும். 100 கிராம் கல்லை வைத்து மட்டும் தராசைச் சரிபார்த்துவிட்டு 3 கிராம் மருந்தை நிறுப்பதில் அவ்வளவு பிரயோசனம் இல்லை. பிறகு ஒரு திருகு சொட்டுவான், பிடியைச் சுழற்றச் சுழற்ற ஒவ்வொரு மணியாக விழுத்தும் சின்னக் குழாய் அது. உருளைக் கருவியால் கொஞ்சம் குறைத்துக் கொட்டி மிச்சத்தைச் சொட்டுவானால் நிரப்பினால் நேரமும் மிஞ்சும். தானாக நிறுக்கும் இயந்திரத்தை முதல் வருடத்தில் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசுக்குச் சன்னமும் மருந்தும் வாங்கிச் சுடுதளத்துக்குப் போகட்டும்.